கடைக்கட்டடம்: மொத்தமாகக் கொடுப்பதா, பிரித்துக் கொடுப்பதா?

வணிகக் கட்டடம் கட்டப்போகும், கட்டிக்கொண்டிருக்கும் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் கட்டுமானப் பொறியாளர், ஒப்பந்த ஆலோசகர் குழு பதில் தருகிறது.

மார்த்தாண்டம் மெயின் ரோட்டை ஒட்டி 20 சென்ட் இருக்கிறது. தரைத்தளமும் மேலே 3 மாடியுமாக 16,000 சதுர அடியில் ஜவுளிக்கடை கட்டப்போகிறோம். ஆர்க்கிடெக்ட், 'முழு வரைபடம் போட்டு டெண்டர் விடலாம்' என்கிறார். ஒரு கம்பெனிக்காரர், 'பிளான், அப்ரூவல், கட்டுமானம் எல்லாம் நாங்களே பார்த்துச் சாவியைக் கையில் தருகிறோம், சதுர அடி 2,400' என்கிறார். மச்சினனோ, 'லேபர் கான்ட்ராக்ட் விட்டு, கம்பி சிமென்ட் நாமே வாங்கினால் காசு மிச்சம்' என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
— ஜவுளி வியாபாரி, மார்த்தாண்டம்

மூன்றுமே ஊரில் நடக்கிற முறைதான். ஏதாவது தப்பினால் யார் பையிலிருந்து காசு போகும் என்பதில்தான் ஒன்றுக்கொன்று வேறுபாடு.

முதலில் அந்த 2,400-ஐப் பிரித்துப் பார்ப்போம். 16,000 சதுர அடிக்கு 3 கோடியே 84 லட்சம். இதில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்று கேட்டீர்களா? கடைக்கட்டட ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம். அதுவே 69 லட்சத்து 12 ஆயிரம். சொந்த உபயோகத்துக்குக் கட்டும் கட்டடத்துக்குச் செலுத்திய இந்த வரியை, ஜவுளி விற்பனைக்கு நீங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு விடாது. ஆக 4 கோடியே 53 லட்சம் என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, எது சதுர அடி? படிக்கட்டையும் லிஃப்ட் குழியையும் ஒவ்வொரு மாடியிலும் எண்ணுகிறார்களா? போர்டிகோ பாதியா, முழுசா? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், மழைநீர் சேகரிப்பு, டிரான்ஸ்ஃபார்மர் மேடை, தீயணைப்புக் குழாய், முன்பக்கக் கண்ணாடி, ஃபால்ஸ் சீலிங், ஏ.சி. டக்ட் ஆகியவற்றில் எது உள்ளே, எது வெளியே? 'அது எக்ஸ்ட்ரா சார்' என்ற சொல் இங்கேதான் பிறக்கிறது. சதுர அடி ரேட் என்பதே வீடு கட்டுவதிலிருந்து வந்த கணக்கு. வீட்டுக்கு உயரம் 10 அடி. ஜவுளிக்கடைக்கு 13½ அடியாவது வேண்டும். தரையின் சதுர அடி மாறாது. ஆனால் சுவரும் பூச்சும் பெயின்டும் 35 சதவீதம் கூடும். அதைவிட முக்கியம் பாரம். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ உயிர்ப்பாரத்துக்கு (ஆட்கள், சாமான்களின் எடைக்கு) வடிவமைப்பார்கள். சில்லறைக் கடைக்கு இந்தியத் தரநிலை கேட்பது 400 கிலோ, மொத்த வியாபாரக் கடைக்கு 600. நீங்கள் மூன்றாம் மாடியில் பேல் (துணிப்பொதி) அடுக்குவீர்கள் என்று அந்தக் கம்பெனிக்குச் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் மலிவாக வந்த ரேட்டுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

டிசைனும் அவரே, கட்டுவதும் அவரே என்னும் முறையைக் குறை சொல்லவில்லை. ஒழுகினால் 'டிசைன் கோளாறு' என்று கொத்தனாரும் 'வேலைக் கோளாறு' என்று இன்ஜினியரும் பந்து தட்ட முடியாது. பொறுப்பு ஒரே கழுத்தில் விழும். ஆனால் கம்பியைக் குறைத்தால் லாபம் காண்பவரே கம்பி எத்தனை என்று தீர்மானிக்கிறார். இந்த முறைக்குப் போவதானால் உங்கள் தேவையை நீங்களே எழுதித் தர வேண்டும்: தளத்துக்குத் தளம் பாரம், உயரம், லிஃப்ட்டின் அளவும் வேகமும், டைல்ஸின் விலை வரம்பு, மின்சார லோடு, ஜெனரேட்டர், கழிவறை எண்ணிக்கை. குறைந்தது பத்துப் பன்னிரண்டு பக்கம் வரும். அதை எழுதத் தெரிந்த ஓர் இன்ஜினியரை உங்கள் பக்கத்தில் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

மச்சினன் சொல்லும் லேபர் கான்ட்ராக்டுக்கு வருவோம். 16,000 சதுர அடிக்குத் தோராயமாக 6,400 மூட்டை சிமென்ட்டும் 64 டன் கம்பியும் வேண்டும். இதைப் பத்து மாதம் வாங்கி, இறக்கி, அடுக்கி, கணக்கு வைப்பது யார்? சிமென்டைப் பலகைமேல், சுவரைத் தொடாமல், பத்து மூட்டைக்கு மேல் போகாமல் அடுக்க வேண்டும். மூன்று மாதம் தாண்டிய மூட்டையைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. நம் ஊரில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. கட்டி பிடிக்க அவ்வளவு நாளும் வேண்டாம். கம்பி வெட்டுவதில் 3 சதவீதம் வீணாவது சகஜம். ஆனால் லேபர்காரருக்குத் துண்டுக்கம்பியைப் பற்றிக் கவலை ஏன் வரப்போகிறது? வீணானது உங்கள் காசு. எம்-சாண்ட் வராமல் பன்னிரண்டு பேர் சும்மா உட்கார்ந்தாலும் கூலி கேட்பார், கொடுத்துத்தான் ஆக வேண்டும். மச்சினன் காலை ஏழு மணி முதல் சைட்டிலேயே இருப்பவர், ஸ்டாக் ரெஜிஸ்டர் எழுதுபவர் என்றால் செய்யலாம். 'சாயங்காலம் ஒரு எட்டு போய்ப் பார்ப்பேன்' என்பவரானால் வேண்டாம்.

எங்கள் யோசனை ஆர்க்கிடெக்ட் பக்கம் சாய்கிறது, ஒரு திருத்தத்தோடு. மண் பரிசோதனை, ஸ்ட்ரக்சுரல் வரைபடம், எலெக்ட்ரிக்கல், பிளம்பிங் எல்லாம் முடிந்தபின்பே டெண்டர் விடுங்கள். பூமிக்குக் கீழே உள்ள வேலையை ஐட்டம் ரேட்டில், அளந்து காசு கொடுக்கும் முறையில் விடுங்கள். பிளிந்துக்கு (தரைமட்டப் பீடத்துக்கு) மேலே அளவு தெளிவாகத் தெரியும் என்பதால் அதை லம்ப்சமாக (மொத்தத்துக்கும் ஒரே தொகையாக) விடலாம். மண்ணுக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. அதையும் லம்ப்சத்தில் திணித்தால் ஒப்பந்ததாரர் பயத்துக்கும் ஒரு விலை போடுவார். பாறை வராவிட்டாலும் அந்தப் பயத்துக்கு நீங்கள் காசு கொடுப்பீர்கள்.

டெண்டர்களை ஒப்பிடும்போது கடைசித் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். தோண்டுவதற்கும் அஸ்திவார கான்கிரீட்டுக்கும் ரேட்டை ஏற்றி, பெயின்டுக்கும் கதவுக்கும் இறக்கிப் போடுவது பழைய தந்திரம். முதல் மூன்று மாதத்திலேயே லாபத்தை எடுத்துவிடுவார். கடைசி வேலைகள் நஷ்ட ரேட் என்பதால் இழுத்தடிப்பார். லம்ப்சம் தவணையிலும் இதே கதைதான். அஸ்திவாரம் முதல் கடைசித் தளம் வரையான கட்டமைப்புக்கு மொத்தச் செலவில் ஏறக்குறையப் பாதி. மேல் தளம் போட்டவுடன் 80 சதவீதம் பணம் போய்விடும்படி தவணை பேசினால், டைல்ஸ் ஒட்ட அவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்துவைத்து, பாதியை வேலை முடிந்ததும் மீதியை 12 மாதம் கழித்தும் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.

திங்கள்சந்தை அருகே திருமண மண்டபம் கட்டுகிறோம். 1 கோடியே 60 லட்சத்துக்கு லம்ப்சம். ஆறடி தோண்டியதும் பாறை வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் பாறை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஒப்பந்ததாரர் 7 லட்சம் கூடுதல் கேட்டு வேலையை நிறுத்தியிருக்கிறார். கொடுக்க வேண்டுமா?
— மண்டப நிர்வாகி

ஒப்பந்தத்தில் 'எந்த வகை மண்ணானாலும் பாறையானாலும்' என்றோ, 'இடத்தைப் பார்த்து அறிந்து விலை கூறினேன்' என்றோ இருந்தால் உங்கள் பக்கம் பலம். ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். வழக்குக்குப் போனால் இரு பக்கமும் வாதாடலாம். அதற்குள் மழை வந்துவிடும். பேசி முடியுங்கள். ஆனால் 7 லட்சம் என்ற ஒற்றைத் தொகைக்குத் தலையாட்டாதீர்கள். கன அளவுக்கு ரேட் பேசுங்கள்.

பாறையை உடைக்கும் முன் இரு தரப்பும் நின்று லெவல் (உயர அளவு) எடுங்கள். ஒவ்வொரு குழியிலும் பாறை எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். உடைத்தபின் அடித்தளத்தில் மறுபடி லெவல் எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ளதே பாறை. லெவல் எடுக்காமல், உடைத்த கல்லைக் குவித்து அளக்கிறேன் என்றால், குவியலில் கல்லுக்கிடையே உள்ள காற்றுக்காகப் பாதியைக் கழிப்பது அரசு வேலைகளில் வழக்கம். 100 கன மீட்டர் குவியல் என்றால் 50-க்குத்தான் காசு. உடைத்த கல் உங்களுடையது. காம்பவுண்டு அஸ்திவாரத்துக்கு அதை அவர் பயன்படுத்தினால் அதன் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வீடுகள் இருந்தால் வெடி வைக்கும் பேச்சே வேண்டாம், பிரேக்கர் போதும்.

இன்னொன்று, பலரும் கேட்க மறப்பது. பாறை வந்தது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். பாறைக்குத் தாங்குசக்தி அதிகம் என்பதால் ஃபூட்டிங்கின் (தூணுக்கு அடியில் உள்ள அகன்ற கான்கிரீட் அடித்தளத்தின்) அகலத்தைக் குறைக்க முடியுமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேளுங்கள். குறைந்தால் கம்பியும் கான்கிரீட்டும் மிச்சம், 7 லட்சத்தில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடும். ஆனால் பாதி ஃபூட்டிங் பாறையிலும் பாதி மண்ணிலும் நின்றால் கவனம் வேண்டும். மண்ணில் நிற்பது கொஞ்சம் இறங்கும், பாறையில் நிற்பது இறங்காது, நடுச்சுவர் பிளக்கும். இதைத் தீர்மானிக்க வேண்டியவர் இன்ஜினியர். 'எல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்' என்று சைட் மேஸ்திரி சொல்வதில் நிற்காதீர்கள்.

இனி கட்டுவோருக்கு: மலையடிவாரத்தில் பாறை, மேற்கே சரல் மண், நாஞ்சில்நாட்டில் வயலை நிரத்திய மனை, கரையோரம் மணல். அரை மணி நேர கார் பயணத்தில் நான்கு விதப் பூமி. பக்கத்து மனையின் ரிப்போர்ட்டை நம்பி விலை பேச வேண்டாம். கட்டடத்தின் மூலைகளிலும் நடுவிலுமாக மண்ணைச் சோதிக்கச் சில போர்ஹோல் (துளை) போட்டு, அந்த அறிக்கையை டெண்டரோடு இணைத்து, சாதா மண், இளம்பாறை, கடும்பாறை என்று மூன்றுக்கும் தனித்தனி ரேட் வாங்கிவிடுங்கள்.

கன்னியாகுமரியில் கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில் 24 அறை லாட்ஜ். நீண்ட நாள் பழக்கமான கான்ட்ராக்டர், 'ஆகிற செலவுக்குக் கணக்கு தருகிறேன், அதன்மேல் 10 சதவீதம் எனக்குப் போதும்' என்கிறார். நல்ல மனிதர். ஒப்புக்கொள்ளலாமா?
— லாட்ஜ் உரிமையாளர், கன்னியாகுமரி

நல்ல மனிதருக்கும் கெட்ட கணக்கைக் கொடுக்கக் கூடாது. செலவு ஏற ஏற அவர் வருமானம் ஏறும். ஆயிரம் ரூபாய் வேலை ஆயிரத்து இருநூறு ஆனால் உங்களுக்கு 220 நஷ்டம், அவருக்கு 20 லாபம். அவர் ஏமாற்ற வேண்டாம், மிச்சம் பிடிக்க முனையாமல் இருந்தாலே போதும்.

பழைய கட்டடத்தோடு சேர்த்துக் கட்டுவது, வரைபடம் முழுமையாகாமல் தொடங்குவது போன்ற இடங்களில் இந்த முறை உதவும். அப்படியானால் 10 சதவீதத்தை நிலையான தொகையாக மாற்றுங்கள். உத்தேசச் செலவு 3 கோடி என்றால் கட்டணம் 30 லட்சம், செலவு கூடினாலும் குறைந்தாலும் அதுவே. மேலே ஓர் உச்சவரம்பு வையுங்கள். உத்தேசத்துக்குக் கீழே முடிந்தால் மிச்சத்தில் ஆளுக்குப் பாதி, வரம்பைத் தாண்டினால் அவர் பொறுப்பு. 'செலவு' என்றால் என்ன என்பதையும் எழுதுங்கள். அவருடைய சென்ட்ரிங் தகட்டுக்கு வாடகை உண்டா? அவர் ஆபீஸ் சம்பளமும் பைக் பெட்ரோலும் இதில் வருமா? 50,000-க்கு மேற்பட்ட கொள்முதலுக்கு மூன்று விலைப்புள்ளி, வாரந்தோறும் வவுச்சர். மிக முக்கியமாக, தப்பாகச் செய்து இடித்துத் திரும்பச் செய்த வேலைக்குச் செலவு தரப்படாது என்ற வரி. இந்த வரி இல்லாவிட்டால் அவர் செய்யும் தப்புக்கும் 10 சதவீதம் கொடுப்பீர்கள்.

உங்கள் இடத்தில் தப்பு நடக்கக்கூடிய ஒரு பாகத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்: கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் கவர். ஐ.எஸ். 456 தரநிலைப்படி கடற்கரைச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட் 'கடுமை' வகை. கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்-30-க்குக் குறையக் கூடாது, கவர் 45 மி.மீ., ஒரு கன மீட்டருக்குச் சிமென்ட் 320 கிலோவுக்குக் குறையாமல், தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகாமல். அலைத்தூவானம் படும் இடமானால் எம்-35, கவர் 50 மி.மீ. கொத்தனார் கைப்பழக்கத்தில் வைப்பதோ வீட்டுக்கு வைக்கும் 20, 25 மி.மீ. கவர் பிளாக்குக்குப் பதில் கருங்கல் சில்லைச் செருகினால், வைப்ரேட்டர் வைத்ததும் சில்லு நழுவி, கம்பி பலகையோடு போய் ஒட்டும். உப்புக்காற்று உள்ளே புகுந்து கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட் வெடித்து உதிரும். கன்னியாகுமரியில் பழைய பால்கனிகளின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள், புரியும்.

தண்ணீரும் அப்படித்தான். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர் தண்ணீரைச் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், உவர்ப்பானால் டேங்கர். எந்த முறையில் கொடுத்தாலும் 'எம்-30, கவர் 45' என்ற இரண்டும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். வார்ப்புக்கு முன் கவரை அளந்து கையெழுத்திடுபவர் கான்ட்ராக்டரின் ஆளாக இருக்கக் கூடாது.

உங்கள் மனை உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி முதலில். அதற்கு முன் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அனுமதி தாமதமானால் அந்த நஷ்டம் எல்லா ஒப்பந்த முறையிலும் உரிமையாளர் தலையில்தான். (குலசேகரம் பக்கத்து வாசகர் ஒருவர் இதே போலக் கேட்டிருந்தார். அவர் பார்க்க வேண்டியது, தம் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் இருக்கிறதா என்பதை.)

ஆரல்வாய்மொழியில் இரும்புச் சட்டத்தில் கிட்டங்கி. அஸ்திவாரம் ஒருவர், ஷெட் கம்பெனி வேறு. தூண் நிறுத்த வந்தவர்கள், 'போல்ட் எல்லாம் இடம் மாறி நிற்கிறது' என்று திரும்பிப் போய்விட்டார்கள். அஸ்திவாரக்காரர், 'அவர்கள் கொடுத்த படத்தின்படிதான் வைத்தேன்' என்கிறார். இப்போது என்ன செய்வது?
— அரிசி வியாபாரி

ஷெட் வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் உடைவது எப்போதும் இந்த ஓரிடத்தில்தான். தூணை அஸ்திவாரத்தோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட்டில் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தூணின் அடித்தகடு உட்காராது.

இப்போதைக்கு: சுத்தியலால் அடித்தோ, கேஸ் வைத்துச் சூடாக்கியோ போல்டை வளைக்க விடாதீர்கள். போல்ட் அங்கேயே பலம் இழக்கும். ஒவ்வொரு போல்ட்டும் எவ்வளவு, எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது, உயரம் எவ்வளவு என்று டோட்டல் ஸ்டேஷன் (சர்வே கருவி) வைத்து அளந்து, அந்தத் தாளை ஷெட் கம்பெனியின் டிசைனருக்கு அனுப்புங்கள். சிறு விலகலுக்குத் தகட்டின் துளையை நீட்டி, மேலே தடித்த வாஷர் பற்றவைக்கச் சொல்வார். பெரிய விலகலுக்குப் புதிதாகத் துளையிட்டு கெமிக்கல் ஆங்கர் (பசை வைத்துப் பிடிக்கும் போல்ட்) போடச் சொல்லலாம். எதுவானாலும் அவர் கையெழுத்திட்ட படம் வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று ஷெட்டின் கூரையை மேலே இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்குவது இந்த போல்ட்கள்தான். யார் தப்பு என்பதற்கு, எந்தப் படம் எந்தத் தேதியில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதைத் தேடுங்கள். ஷெட் கம்பெனி இடையில் படத்தைத் திருத்தியிருக்கும், பழைய படத்தை வைத்து இவர் வார்த்திருப்பார். பல இடங்களில் கதை இதுதான்.

ஷெட் வகைக் கட்டடங்களுக்கு டிசைனோடு சேர்த்து ஒருவரிடமே கொடுப்பதுதான் சரி என்பது எங்கள் கருத்து. தூணடிக்கு வரும் விசை தெரிந்தால்தான் ஃபூட்டிங்கை வடிவமைக்க முடியும். அந்தக் கணக்கு ஷெட் கம்பெனியிடம் இருக்கிறது. பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்றால், போல்டும் அதைப் பிடிக்கும் டெம்ப்ளேட் தகடும் வைப்பது ஷெட் கம்பெனி வேலை, கான்கிரீட் ஊற்றுவது மட்டும் சிவில்காரர் வேலை என்று எழுதுங்கள். ஊற்றுவதற்கு முந்தைய நாள் இருவரும் அளந்து கையெழுத்து. மரை மேல் கிரீஸ் தடவி டேப் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலையில் ஒரு குறிப்பு. சதுர அடிக்கு என்றால் இரும்பைக் குறைப்பார்கள், டன்னுக்கு என்றால் கூட்டுவார்கள். டிசைன் பேசிஸ் அறிக்கையும் (எந்தப் பாரத்துக்கு, எந்தக் காற்றுக்கு வடிவமைத்தார்கள் என்ற குறிப்பும்) மொத்த எடையும் முதலிலேயே வாங்கி, லாரியை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். கூரைத்தகடு 0.47 மி.மீ. என்றால் பூச்சோடு சேர்த்தா, வெறும் தகடா என்று கேளுங்கள். பூச்சில்லாத தகடு 0.42 தான் இருக்கும்.

ஜனவரி ஆகிவிட்டது, இன்னும் பிளான் போடவில்லை. குழித்துறையில் 8,000 சதுர அடி சூப்பர் மார்க்கெட்டை இந்தக் கிறிஸ்துமஸ் விற்பனைக்குத் திறக்க வேண்டும். தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தால் வேகமாக முடியுமாமே?
— வாசகர், குழித்துறை

முடியலாம். முழு வரைபடத்துக்குக் காத்திராமல், அஸ்திவார வரைபடம் முடிந்ததும் அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மேலே வரைந்துகொண்டே போவது அந்த முறை. மண்வேலை–அஸ்திவாரம், கட்டமைப்பு, மின்சாரம், ஏ.சி., உள் அலங்காரம் என்று ஐந்தாறு ஒப்பந்தம். எல்லாவற்றையும் கோர்க்க முழுநேரக் கட்டுமான மேலாளர் ஒருவர் கட்டாயம். அவர் சம்பளத்தை மிச்சம் பிடித்தவர்கள் நேரத்தைத் தொலைப்பார்கள்.

நாட்காட்டியை வைத்துக் கணக்கிடுங்கள். பிளான் அனுமதி வராமல் தோண்ட முடியாது. ஜூன் முதல் வாரத்துக்குள் பிளிந்த் பீமைத் தாண்டிவிட வேண்டும். தாண்டாவிட்டால் குழிக்குள் மோட்டார் வைத்து இறைப்பதே வேலையாகிவிடும். அக்டோபரில் அடுத்த மழை வருமுன் கூரைத் தளமும் வெளிப்பூச்சும் முடிய வேண்டும். தளத்தைத் தாங்கும் முட்டுகளை, பீமுக்குப் பீம் தூரம் 4.5 மீட்டர் வரையானால் 7 நாள், அதற்கு மேலானால் 14 நாள் கழித்துத்தான் எடுக்கலாம். 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் கழித்துத்தான் எடுக்கலாம். இன்று பெரும்பாலும் கிடைக்கிற பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்கு இதைவிடக் கூடுதல் நாள் வேண்டும். சூப்பர் மார்க்கெட் என்றால் தூண்கள் தள்ளித்தான் நிற்கும், ஆக 21 நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மாசியில் மண்டைக்காடு கொடை, பிறகு ஓணம், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். ஆள் குறையும் நாட்களை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

நேரம் பெரும்பாலும் சுவரில் போவதில்லை. லிஃப்ட், டிரான்ஸ்ஃபார்மர், ஃப்ரீசர், கண்ணாடி ஆகியவை ஆர்டர் கொடுத்து மாதக்கணக்கில் வரும் பொருட்கள். அவற்றை நீங்களே நேரடியாக, தளம் போடும் முன்பே ஆர்டர் செய்துவிடுங்கள். கட்டடம் முடிந்தாலும் நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

பிரித்துக் கொடுப்பதில் சண்டை வருவது நடுவில் உள்ள சந்துகளில். ஏ.சி. குழாய்க்குச் சுவரில் ஓட்டை போடுவது யார், அதை மூடிப் பூசுவது யார், சாரம் யாருடையது, தண்ணீர்–கரண்ட் பில் யார் கட்டுவது, குப்பை அள்ளுவது யார்? ஒரு தாளில் வேலைகளை வரிசையாகவும் ஒப்பந்ததாரர்களைக் குறுக்காகவும் எழுதி, கட்டத்துக்குக் கட்டம் டிக் போட்டு, எல்லா ஒப்பந்தத்திலும் அதே தாளை இணையுங்கள். வெற்றுக் கட்டம் ஒன்று விட்டாலும் அது உங்கள் செலவு.

எல்லாம் சரியாக நடந்தாலே டிசம்பர் முதல் வாரம். ஒரு தவறுக்கும் இடமில்லை. தரைத்தளத்தை மட்டும் திறந்து மாடியைப் பொங்கலுக்குத் திறக்க முடியுமா என்று ஆர்க்கிடெக்டிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

லேபர் கான்ட்ராக்ட் என்றால் ஜி.எஸ்.டி. கிடையாது என்கிறார்களே?
— வாசகர், தக்கலை

தனி வீட்டுக்கு மட்டும் அந்த விலக்கு. கடைக்கு இல்லை, 18 சதவீதம்தான். ஒப்பந்ததாரரின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து பதிவு செய்யாதவரானால் வரி போட மாட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் வரி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பழைய ரேட்டில் விலைப்புள்ளி வாங்கியிருந்தால் மறுபடி கேளுங்கள். டி.டி.எஸ்.-ஐயும் (பில்லில் நீங்கள் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) மறக்க வேண்டாம்: தனிநபர் ஒப்பந்ததாரருக்கு 1 சதவீதம், கம்பெனிக்கு 2. முந்தைய ஆண்டு வியாபாரம் ஒரு கோடியைத் தாண்டிய தனிநபர் உரிமையாளரும் பிடித்தாக வேண்டும். பிளான் அனுமதியின்போது தொழிலாளர் நல நிதிக்குக் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தனி.

ஜல்லி, எம்-சாண்ட் விலை ஏறினால் யார் பொறுப்பு? ஒப்பந்ததாரர் நடுவில் ரேட் கூட்டிக் கேட்கிறார்.
— வாசகி, நாகர்கோவில்

ஒப்பந்தத்தில் 'விலை மாறாது' என்றால் அவர் பொறுப்பு. ஆனால் 2025 ஏப்ரலில் கனிம நில வரி வந்து கிரஷர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பார்த்தோமே, அப்படி ஒரே வாரத்தில் விலை எகிறினால் அவர் வேலையை மெதுவாக்கிவிடுவார். காகிதத்தில் நீங்கள் ஜெயித்து சைட்டில் தோற்பீர்கள். ஓராண்டுக்கு மேல் போகும் வேலையானால் கம்பி, சிமென்ட், ஜல்லி, எம்-சாண்ட் நான்குக்கும் அடிப்படை விலையை எழுதி, 5 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் அவருடையது, அதைத் தாண்டினால் வித்தியாசம் உங்களுடையது, இறங்கினாலும் அதே கணக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். கூலிக்கும் லாபத்துக்கும் இது பொருந்தாது என்று சேர்த்தெழுதுங்கள்.

வாடகைக்கு விட வணிக வளாகம் கட்டுகிறேன். பாதி வேலையில் ஒப்பந்ததாரர் போய்விட்டார். போன் எடுப்பதில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
— வாசகர், களியக்காவிளை

வாடகைக்கு விடும் வணிக வளாகம் என்று எழுதியிருக்கிறீர்கள். வணிக நோக்கத்துக்குச் சேவை பெற்றவரைப் பொதுவாக நுகர்வோராகச் சட்டம் கருதாது. சுயதொழிலாகப் பிழைப்புக்குக் கட்டியவருக்கு மட்டும் விலக்கு. உங்களுக்கு வழி சிவில் நீதிமன்றம், அல்லது ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு இருந்தால் நடுவர் தீர்ப்பாயம். 'தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம், உச்சம் 5' என்று எழுதியிருந்தாலும் முழுத்தொகையும் தானாக வந்துவிடாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி அந்த வரம்புக்குள் நியாயமான தொகையே கிடைக்கும்.

வேறு ஆளை உள்ளே விடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் சொன்ன நாள் அவகாசம் கொடுத்துப் பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 'இந்தத் தேதியில் இத்தனை மணிக்குக் கூட்டு அளவெடுப்பு' என்று அதிலேயே எழுதுங்கள். அவர் வராவிட்டால் சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரை வைத்து, முடிந்த வேலையையும் கிடக்கும் பொருட்களையும் அளந்து, தேதி தெரியும்படி படம் எடுத்து, எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) ஏற்றிச் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். புது ஆள் ஒரு சாந்துச் சட்டி கொட்டிவிட்டால், பழையவர் எவ்வளவு செய்தார் என்பதைப் பிறகு யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. அவருடைய சென்ட்ரிங் சாமான் சைட்டில் இருந்தால் பட்டியல் போட்டுப் பூட்டிவையுங்கள், விற்க வேண்டாம்.